கண்ணாடி கொண்டாரல

"கண்ணாடி கொண்டாரலப்பா."

என் மகள் யாழினி இதைச் சொன்னபோது அவளுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. மூக்குக் கண்ணாடி என்ற ஒன்று அவளிடம் அதுவரை இருந்ததே இல்லை. வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர எதுவும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். பள்ளிக்கூடம் இல்லாததால் கடையில் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பால்பன் தின்றுகொண்டிருந்தாள். பாகு ஒட்டிய விரல்களை ஒவ்வொன்றாக நக்கி முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். பொறுத்திருந்தேன் என்று எழுதுவது சுலபம். அதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். பிறகு மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்த கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன்.

"இந்தா, ஒரே ஒரு பக்கம்."

வாங்கினாள். கையை நீட்டித் தூரமாக வைத்துப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். கவுன் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மேசை மேல் வைத்து, அந்த வாக்கியத்தைச் சொன்னாள். முகத்தில் துளி சிரிப்பு இல்லை.

கடையில் காத்திருந்த ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காதலி விழா

இந்தத் தொடரை இடையில் பிடித்தவர்களுக்காக ஒரு வரி. அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை என்னுடையது. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் பொங்கல், சாவு எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வந்தாக வேண்டும். திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி பக்கத்து ஊர் முக்குகளில் கைகூப்பி நிற்கும் முகங்களில் பாதி என் மிஷினில் இருந்து வெளிவந்தவை.

நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத ஆள் நான். தொழிலும் அப்படியே அமைந்துவிட்டது. துக்க வீட்டுக்காரர்கள் ஒரு மணி நேரத்தில் பேனர் கேட்பார்கள். டீயை முழுதாகக் குடித்த நாள் எனக்கு நினைவில்லை.

அந்த அவசரத்தில்தான் ஒரு முறை மாட்டிக்கொண்டேன். காரியாபட்டிக்குப் பக்கத்து ஊரில் ஒரு காதுகுத்து. அழைப்பிதழ்களில் போடுவதுபோல அழகாகக் 'காதணி விழா' என்று போடச் சொன்னார்கள். நான் 'ணி' வரவேண்டிய இடத்தில் 'லி' தட்டிவிட்டேன். ஆளுயர எழுத்தில் 'காதலி விழாவிற்கு வருக வருக' என்று அடித்து, சுருட்டி, கொடுத்தும் அனுப்பிவிட்டேன்.

எழுத்துக்குக் கீழே தாய்மாமன்கள் எட்டுப் பேர், வெள்ளைச் சட்டையில், வரிசையாக. ஊரே அதற்குக் கீழே நுழைந்து போய்ச் சாப்பிட்டுத் திரும்பியது. யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் ஒரு கல்லூரிப் பெண் போனில் படம் எடுத்தபிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எட்டுப் பேரில் மூத்தவர் அதே வெள்ளைச் சட்டையோடு கடைக்கு வந்துவிட்டார்.

"ஏலே, எட்டு மாமன்ல எந்த மாமனோட காதலின்னு ஊரே கேக்குதுலே. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அன்றைக்கு ஒரு விதி போட்டேன். மிஷின் ஓடுவதற்கு முன்னால், பேனர் கேட்டவர் திரையைப் பார்த்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். படித்துச் 'சரி' என்று சொன்னால்தான் அச்சு.

விதி போட்ட பிறகுதான் எத்தனை பேருக்குப் படிக்க வராது என்பது எனக்குத் தெரிந்தது. யாரும் 'படிக்கத் தெரியாது' என்று சொன்னதில்லை. சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். மடியைத் தடவுவார்கள். திரையில் இருந்து தலையைப் பின்னால் இழுத்துக் கண்ணைச் சுருக்குவார்கள். பிறகு, "கண்ணாடி கொண்டாரல தம்பி. நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். அது சாக்கு என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும்.

"அதுக்கென்னங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் படித்துக் காட்டுவேன். இதில் மட்டும் எனக்கு அவசரம் வராது, ஏனென்று தெரியவில்லை. ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்தி, கல்யாண மேடையில் மைக் பிடித்தவனைப் போலக் குரலை ஏற்றி இறக்கிப் படிப்பேன். அண்ணன் தம்பி பெயர் வரும்போது அவர்கள் முகம் விரியும். "இன்னொருக்கா படிங்க" என்பார்கள். இன்னொருக்காவும் படிப்பேன்.

வீடு முழுக்க எழுத்து

யாழினி என்று பெயர் வைத்ததே என் ஆசைதான். எங்கள் பக்கத்தில் 'ழ' யார் வாயிலும் முழுசாக வராது. தெருவே அவளை 'யாளினி' என்றுதான் கூப்பிடும். அவளும் நோட்டில் அப்படித்தான் எழுதுவாள். நாள் முழுக்க அடுத்தவர் பெயரைப் பிழை பார்க்கிறவனுக்குத் தன் பிள்ளை பெயரே பிழையாகக் கண்ணில் பட்டால் எப்படி இருக்கும்?

அவளுக்குக் கதை பிடிக்கும். போனில் எத்தனை கதை போட்டாலும் கேட்பாள், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள். புத்தகம் என்றால்தான் ஆகாது. ஒரு நாள் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "வாயத் தெறந்து வாசிக்கவே மாட்டேங்கிறா சார். எழுத்து ஓரளவு தெரியுது. ஆனா தப்பாயிருமோன்னு பயந்துக்கிட்டு உக்காந்திருக்கா. வீட்டுல கொஞ்சம் ஆசையாப் படிக்க வைங்க" என்றார்.

ஆசையாக. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டைத் தலைகீழாக்கினேன். கடையில் மிஞ்சிய பிளக்ஸ் துண்டுகளில் 'கதவு', 'சன்னல்', 'கண்ணாடி', 'குடம்' என்று பெரிய எழுத்தில் அடித்து எல்லாவற்றிலும் ஒட்டினேன். புது பிளக்ஸின் மை வாடை இரண்டு வாரம் சோற்றிலும் அடித்தது. என் மனைவி சுமதி தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து வந்தவள் வாசலில் நின்று வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"எம் மேல ஒண்ணும் ஒட்டாம விட்டீகளே, அதுவரைக்கும் சந்தோசம்."

பத்தே நாளில் யாழினி எல்லாவற்றையும் கடகடவென்று படித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சோதித்துப் பார்ப்போம் என்று 'கதவு' துண்டை எடுத்துச் சன்னலில் ஒட்டிவிட்டு, "இது என்ன?" என்றேன். "சன்னல்" என்றாள். அவள் எழுத்தைப் பார்க்கவே இல்லை. சன்னலைத்தான் பார்த்திருக்கிறாள்.

கோபம் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினம் சாயங்காலம் கடையை ஒரு மணி நேரம் வேலைக்கு இருக்கும் பையனிடம் விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அவளை உட்கார வைத்தேன். அவள் 'கு' என்பாள். 'தி' என்பாள். மூன்றாவது எழுத்துக்கு அவள் வாய் திறப்பதற்குள் 'குதிரை' என்று நான் சொல்லிவிடுவேன். அடுத்த சொல்லிலும் அதே கதை. நான்காவது சொல்லில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள். "என் மூஞ்சியிலயா எழுதியிருக்கு?" என்று கத்துவேன்.

முன்பெல்லாம் என் வண்டிச் சத்தம் கேட்டதும் தெருமுனைக்கே ஓடி வருவாள். முன்னால் ஏறி உட்கார்ந்து வீடுவரை ஹாரன் அடித்துக்கொண்டு வருவது அவள் உரிமை. ஒரு நாள் நான் வந்தபோது ஓடி வரவில்லை. வீட்டுக்குள் போனேன். செருப்பு கிடந்தது, ஆளைக் காணோம். கட்டிலுக்கு அடியில் புத்தகப்பை தெரிந்தது. அதற்குப் பின்னால் அவள் கால் தெரிந்தது.

அவள் படிக்காமல் போய்விடுவாளோ என்ற கவலை அன்றோடு பின்னால் போய்விட்டது. என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்ற பயம் வந்தது. பயம் வந்தால் நிறுத்துவதுதானே முறை. நான் இன்னும் இரண்டு புத்தகம் வாங்கி வந்தேன்.

கழுகுக் கண்ணு

அப்படியான நாட்களில்தான் அவள் அந்தக் கண்ணாடி வாக்கியத்தைச் சொன்னாள். வருகிறவர் போகிறவர் யார் சொன்னாலும் சாக்கு என்று தெரிந்துகொள்கிற எனக்கு, என் பிள்ளை சொன்னதும் அது உண்மையாகப் பட்டது. ஐயோ, கண் தெரியாத பிள்ளையைப் போட்டு இத்தனை நாள் கத்தியிருக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அவளுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லங்க. நேத்துதான் எந் தலையில நாலாவது நரை முடியக் கண்டுபிடிச்சா" என்றாள் சுமதி. நர்ஸ் சொன்னால் நான் கேட்பேனா? திங்கட்கிழமை காலையிலேயே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அங்கே கண்ணாடிச் சட்டங்கள் வரிசையாக மாட்டியிருந்த அலமாரியைப் பார்த்ததும் யாழினி அழ ஆரம்பித்தாள். சொட்டு மருந்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். டாக்டரம்மா எழுத்து அட்டையைக் காட்டினார். யாழினி வாயைத் திறக்கவில்லை. படம் போட்ட அட்டையை மாட்டினார். கடைசி வரியில் கடுகளவு இருந்த வாத்து, குடை, சாவி எல்லாவற்றையும் சொன்னாள். அதோடு விடாமல், அட்டைக்கு மேலே உத்தரத்தில் இருக்கும் பல்லிக்கு வால் இல்லை என்றும் சொன்னாள்.

"கழுகுக் கண்ணு சார் இவளுக்கு. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நிலையம் தாண்டியதும் தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

"கண்ணாடி வாங்க வேணாம்லப்பா?"

"வேணாம்."

"நெசமா?"

"நெசமாத்தான். ஏன், அவ்வளவு பயமா?"

"வாங்கிட்டா நானேதான படிக்கணும். இல்லேன்னா நீங்க படிச்சுக் காட்டுவீகள்ல? கடைக்கு வாறவுகளுக்கெல்லாம் காட்டுறீகள்ல."

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லாரிக்காரர் திட்டிவிட்டுப் போனார். காதில் ஏறவில்லை.

யார் யாருக்கோ படித்துக் காட்டியிருக்கிறேன். சித்தப்பன் மாமன் பெயர் முதற்கொண்டு குரலை ஏற்றி இறக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் இன்னொருக்கா, இன்னொருக்கா என்று. என் பிள்ளைக்கு ஒரு பக்கம்கூடப் படித்துக் காட்டியதில்லை. புத்தகத்தை நீட்டிப் 'படி' என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தப்பித்தேன்.

ஆமை ஏறாத பஸ்

அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஓர் ஆமையின் கதை. பஸ் வந்து நிற்கும், ஆமை முதல் படிக்கு வருவதற்குள் கிளம்பிவிடும். அடுத்த பஸ் வரும். கதை அவ்வளவுதான். கண்டக்டருக்கு ஒரு குரல், ஆமைக்கு ஒரு குரல் என்று படித்தேன். யாழினி என் தொடையில் தலையை வைத்துக்கொண்டு கேட்டாள். "இன்னொருக்கா" என்றாள். ஒரு வாரத்தில் அந்த ஆமை எத்தனை பஸ்ஸை விட்டிருக்கும் என்று எனக்குக் கணக்கில்லை.

தெருமுனைக்கு ஓடி வருவதும் மறுபடி தொடங்கியது. ஹாரன் சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் வானத்தில் நடந்தேன்.

அதோடு விட்டிருக்க வேண்டும். என்னால் முடியுமா? எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நிறுத்தி அதன் கீழே விரலை வைத்தேன். "இது ஒனக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். இந்த ஒரு வரிய மட்டும் நீ படி பாப்போம்."

தலையை என் தொடையில் இருந்து எடுத்துக்கொண்டாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வரவில்லை.

மூன்று நாள் புத்தகத்தைத் தொடவிடவில்லை. நான் கண்டக்டர் குரலில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுமதி துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நல்லாத்தானய்யா போய்க்கிட்டு இருந்துச்சு. வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீகளா?"

நாலாம் நாள் மறுபடி ஆமை வந்தது. ஆனால் புத்தகத்தில் என் விரல் எங்கே போகிறது என்று ஒரு கண் வைத்துக்கொண்டேதான் கேட்டாள்.

அவுக பேரு

பிறகு முழுப் பரீட்சை லீவு வந்தது, யாழினி தினம் என்னோடு கடைக்கு வந்தாள். வெயில் கடையின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நரிக்குடி பக்கத்தில் இருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். கையில் துணிப்பை, சேலையில் ஆட்டு வாடை. கணவர் இறந்து வருஷம் திரும்புகிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் போட்டோவையும் வாசகத்தையும் போனில் அனுப்பியிருந்தான். அம்மா நேரில் பார்த்துச் சரி சொன்னால் அடித்துவிடலாம் என்பது ஏற்பாடு.

வாசகத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்தேன். அதற்குள் உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த மிஷினில் பிளக்ஸ் சிக்கிக்கொண்டு சத்தம் போட்டது.

"பாத்துக்கிட்டு இருங்கம்மா, வந்துர்றேன்."

"கண்ணாடி கொண்டாரல தம்பி."

"அதுக்கென்ன, வந்து நானே படிக்கிறேன்" என்று உள்ளே ஓடினேன்.

மிஷினை நிறுத்திவிட்டுச் சிக்கலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மை. நடுவில் இருக்கும் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால், யாழினி என் நாற்காலியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எப்போது ஏறினாள் என்று தெரியவில்லை.

"மு... த... லா... ம்" என்றாள். "முதலாம். ஆ... ண்... டு."

என் கை நின்றுவிட்டது.

"நி... னை... வ..." அதற்கு மேல் போகவில்லை. 'நினைவஞ்சலி' பெரியவர்களுக்கே நாக்குச் சுழலும் சொல். 'அஞ்சலி, அஞ்சலி' என்று என் வாய் உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"பெரியம்மா, இது என்ன எழுத்து?"

அந்த அம்மா திரையையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். நான் இருந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். மிஷின் நின்றிருந்ததால் எனக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியாதே தாயி."

"கண்ணாடி இல்லாததுனாலயா?"

"கண்ணாடி இருந்தாலும் தெரியாது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நீ தெரிஞ்ச மட்டும் படி."

"ஒரு எழுத்துமேவா?"

"ஒண்ணுமே."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் சொல்லாத வாக்கியத்தை ஏழு வயதுப் பிள்ளையிடம் அவர் சொல்லிவிட்டார். யாழினி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளைவிடக் குறைவாக எழுத்துத் தெரிந்த ஒரு பெரிய மனுஷியை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அப்ப இத விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோமா?"

"போவோம். மெதுவாப் போ. எனக்கு பஸ்ஸு நாலு மணிக்குத்தான்."

அடுத்த வரி பெயர். யாழினி பிடித்தாள். "மு... த்... து... முத்து." நிறுத்தினாள். "முத்துக்குப் பெறகு பெருசா இருக்கு பெரியம்மா. இவுக பேரு என்ன? சொல்லுங்க, நான் முடிச்சுர்றேன்."

"நான் எப்புடிச் சொல்ல? புருசன் பேர நாங்க சொல்றதில்ல தாயி. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து சொன்னதில்ல. நீதான் சொல்லணும்."

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி இல்லை. என் பிள்ளை திரைக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்தாள்.

"முத்து... க்... க... ரு... க்கரு... ப்... ப... ன்."

"ம்" என்றார் அந்த அம்மா.

"முத்துக்கருப்பன். அதானே?"

அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க தாயி இருக்கு? எது வரைக்கும்?" என்றார். யாழினி அவர் விரலைப் பிடித்து முதல் எழுத்தில் வைத்து, கடைசி எழுத்துவரை நகர்த்திக் காட்டினாள்.

"இன்னொருக்கா படி."

படித்தாள். இந்த முறை எழுத்துக்கூட்டவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். என்னால் முடியவில்லை. இன்னும் ஆறு வரி இருக்கிறது, மகன்கள் பேரன்கள் பெயரெல்லாம் இருக்கிறது, இந்த வேகத்தில் போனால் பொழுது போய்விடும் என்று எனக்குள் பரபரத்தது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"குடு தங்கம், மிச்சத்த அப்பா படிச்சுர்றேன்."

இரண்டு பேரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். யாழினிக்கு என் மேல் பயமில்லை, கோபமும் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே வந்த ஆளைப் பார்க்கிற பார்வை அது.

"நீங்க உள்ள போங்கப்பா. நாங்க இன்னும் முடிக்கல."

"போங்க தம்பி" என்றார் அந்த அம்மாவும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். சிக்கல் எடுத்தாகிவிட்டது, மிஷின் தயாராக இருந்தது. சாயங்காலத்துக்குள் போக வேண்டிய பேனர்கள் மூன்று கிடந்தன. ஒரு தடவை பொத்தானில் விரலை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். மிஷின் ஓடினால் அவள் குரல் எனக்குக் கேட்காது.